பத்தாவது குழி

மணி ஏழுக்குள் வந்துவிடுவார் செங்கோடன்.
டி.வி.எஸ். பிப்டியில் கால் வைக்கும் இடத்தில்
மூடியில் துளையிட்ட பெயிண்ட் வாளி,
உள்ளே மூக்கனேரியின் நான்கு ஜிலேபி மீன்கள்.
ஓமலூர்ப் பண்ணைக் குட்டையின் நான்கு
நேற்றே வந்து தொட்டியில் நீந்துகின்றன.
இவை ஒப்பிட. அவை கண்டுபிடிக்க.
நிதி கேட்ட விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்,
அவ்வளவு நிச்சயமாக.

கிராம்பு எண்ணெய் நாலு சொட்டு.
ஆய்வகம் முழுக்கப் பல்வலியும் பிரியாணியுமாக மணக்கிறது.
மீன் ஒருக்களித்து,
செவுளை மட்டும் மெல்ல அசைத்து,
போய்விட்டது தூக்கத்துக்குள்.
வாலுக்குச் சற்று முன்னால்
ஊசி சாய்கிறது முள் தட்டும் வரை.
தட்டியதும் ஒரு மயிரிழை பின்னால்.
அங்கே இருக்கிறது அதன் ரத்தம்,
கால் தேக்கரண்டிகூடத் தேறாது.

"இத்தனூண்டு ரத்தத்துலயா
கேன்சர் எழுதியிருக்கும்?"
எழுதியிருக்காதுங்க.
கட்டி வளரும்போது ஏதாவது ஒரு புரதம்
அளவுக்கு மீறிக் கசியலாம்.
கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருவர்
பந்திக்குப் பந்தி உட்காருவார் இல்லையா,
அந்த மாதிரி. அவரைப் பிடித்தால் போதும்.
சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.

ஜெல்லில் பத்துக் குழிகள்.
முதல் குழியில் எடை தெரிந்த புரதங்கள்,
நாங்கள் அதை ஏணி என்போம்.
அடுத்து ஏரி நான்கு, பண்ணை நான்கு.
கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமும் வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"பத்தாவது காலியாத்தானுங்களே போவுது?"
ஆமாம்.
"எங்க வீட்டுக்காரி ரத்தம் ஊத்திப் பாக்கலாங்களா?
பெரியாஸ்பத்திரியில சதை எடுத்து அனுப்பி
பதினாறு நாளாச்சுங்க."

முடியாதுங்க என்றேன்.
அனுமதிக் குழு, விதிமுறை.
நூறு கோடு விழும், அதில் எது நோய் என்று
எனக்கே தெரியாது.
மீனிலேயே இன்னும் தெரியவில்லை.
சொல்லச் சொல்ல எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
அவர் ஏற்கெனவே கழுவிய வாளியை
மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

நீலச்சாயத்தில் ஊறி, வெளுத்து,
இரவு பத்துக்கு வெளிச்சப் பெட்டிக்கு வந்தது ஜெல்.
ஜன்னலில் ஏற்காடு மலை, கறுப்பாக.
ஏதோ ஒரு லாரியின் விளக்கு
ஒரு வளைவில் தொலைந்து
அடுத்த வளைவில் கிடைத்தது.

ஏரி மீன் இரண்டு.
ஈரலில் மிளகளவு கட்டி இருந்ததே, அது.
ஏணியின் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே
மற்ற மூன்றுக்கும் இல்லாத கோடு.
துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான்.
பண்ணை மீன் மூன்றிலும் அதே கோடு,
ஈரத் துணியில் பட்ட பேனா மையாக வெளிறி.
அதை அறுத்தும் பார்த்திருந்தேன். ஈரல் சுத்தம்.
தொட்டிக்கு வந்த மிரட்சியா?
போன மாதத்துப் புண்ணா?
இல்லை, என் கண்ணுக்கு முன்னால்
ரத்தத்துக்குத் தெரிந்துவிட்டதா?
நோட்டில் 'ப-3' என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

பத்தாவது பாதை
மேலிருந்து கீழ்வரை வெறும் கண்ணாடி.
அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

வியாழக்கிழமை வாளியில் ஐந்து மீன்.
"ஒண்ணு உங்களுக்குங்க, வறுக்கறதுக்கு."
ரிப்போர்ட் பற்றி அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

அஸ்தம்பட்டியில், வாடகை வீட்டின் சமையலறையில்,
மிளகாய்த்தூளும் உப்பும் பிசைந்து வைத்துவிட்டு
வயிற்றைக் கீறினேன்.
குடலை வழித்துப் போடும் முன்
விரல் தானாக ஈரலைப் புரட்டியது.
டியூப்லைட்டுக்கு அடியில் நகர்ந்து நின்று
இன்னொரு முறை புரட்டினேன்.
எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தது.